இறந்தவருக்கு வரும் பிறந்தநாள் வாழ்த்து: போனில் சொன்னால் நிற்காது

கேள்வி: என் கணவர் காலமாகி ஐந்து மாதம். கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வீட்டுக்கு வந்த அன்றே அவருடைய போனுக்கு ‘விசேட லீசிங் சலுகை’ என்று ஒரு மெசேஜ். போன மாதம் அவருடைய பிறந்தநாள். காலை ஆறரை மணிக்கு, ‘அன்பின் வாடிக்கையாளரே, நீடூழி வாழ்க! இன்று எமது கிளைக்கு வாருங்கள், உங்களுக்காக ஒரு பரிசு’ என்று வந்தது. போனிலும் எடுக்கிறார்கள். அவர் இல்லை, இறந்துவிட்டார் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ‘சொறி மிஸ்’ என்று வைப்பார்கள், அடுத்த கிழமை வேறொரு பிள்ளை எடுக்கும். அவருடைய சிம்மை நிற்பாட்டிவிடவா? வழக்குப் போடலாமா? பஸ் நிலையத்தடிக் கடைத் தம்பி ஒருவர் 2500 ரூபா தந்தால் எல்லா மெசேஜையும் நிறுத்தித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. கொடுக்க வேண்டாம். ஐந்து சதமும் வேண்டாம்.

அந்தத் தம்பி செய்யக்கூடியது இவ்வளவுதான்: போன் கொம்பனியின் சேவை நிலையத்துக்கு அழைத்து, விளம்பரச் செய்திகள் வேண்டாம் என்று சொல்வது. அதை நீங்களே காசில்லாமல் செய்யலாம். லீசிங் கொம்பனியின் கணினியில் இருக்கும் உங்கள் கணவரின் பெயரை அவரால் தொடவும் முடியாது. அப்படியென்றால் 2500 ரூபா எதற்கு? காசு போனால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். ‘அக்கா, போனைக் கொஞ்சம் தாங்கோ. ஐடென்டிக் கார்ட் கொப்பி ஒன்றும் வேணும். இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கோ.’ போன் கையில், அடையாள அட்டைப் பிரதி மேசையில், அந்த நம்பர், அதாவது ஓ.டி.பி. என்ற ஒருமுறை இரகசிய எண், உங்கள் வாயில். பத்து நிமிடத்தில் உங்கள் வட்சப்பை இன்னொரு கணினியில் இணைத்துவிடலாம். கடைக்காரர்கள் எல்லோரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் நல்லவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது.

அடையாள அட்டை விஷயத்தில் எங்கள் சனம் காட்டும் தாராளத்தை வேறு எங்கும் காண முடியாது. கோயில் திருவிழாவில் பந்தல் போட்டு, கூப்பன் நிரப்பினால் மோட்டார் சைக்கிள் என்பார்கள். பெயர், விலாசம், போன், அடையாள அட்டை இலக்கம் என்று நாலு கோடு. வரிசையில் நின்று நிரப்புவோம். அந்த இலக்கத்துக்குள்ளேயே உங்கள் பிறந்த திகதி இருக்கிறது தெரியுமா? பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, புதிய அட்டையில் முதல் நான்கு. அதற்கு அடுத்த மூன்று எண், அந்த ஆண்டில் நீங்கள் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பிறந்தநாளைச் சொல்லாமலே சொல்லிவிட்டு, வாழ்த்து எப்படி வந்தது என்று யோசிக்கிறோம்.

சரி, அந்த வாழ்த்து எப்படி வருகிறது, மூன்று முறை சொல்லியும் ஏன் நிற்கவில்லை?

நீடூழி வாழ்க என்று உங்கள் கணவருக்கு அனுப்பியது மனிதர் இல்லை. கொம்பனியில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, போன் இலக்கம், வாங்கிய கடன். மென்பொருள் ஒவ்வொரு நாளும் அந்த அட்டவணையைப் பார்த்து, இன்று யாருக்குப் பிறந்தநாளோ அவர்களுக்கெல்லாம் ஒரே வாழ்த்தை அனுப்பிவிடும். வாழ்த்து வாசகத்தை யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். இவர் இருக்கிறாரா என்று கேட்கும் இடம் அந்த ஒழுங்கில் எங்கேயும் இல்லை.

போனில் எடுக்கும் பிள்ளையின் கதை வேறு. அவருக்கு முன்னால் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கொம்பனியின் ஊழியர்கூட இல்லை, கூலிக்கு அழைப்பு எடுத்துக் கொடுக்கும் வேறொரு இடத்தில் வேலை செய்கிறவர். நீங்கள் இறந்துவிட்டார் என்று சொன்னதும் அவர் அழுத்தக்கூடிய பொத்தான்கள் ‘விருப்பமில்லை’, ‘பிறகு எடுக்கவும்’ என்ற மாதிரி இரண்டு மூன்றுதான். அதில் ஒன்றை அழுத்துவார். அது அந்தப் பட்டியலோடு முடிந்துவிடும். அடுத்த மாத விளம்பரத்துக்கு மூல அட்டவணையிலிருந்து புதிய பட்டியல் எடுப்பார்கள். மூல அட்டவணையில் உங்கள் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஆகவே திரும்பவும் அழைப்பு வரும். அந்தப் பிள்ளையைப் பேசிப் பயனில்லை, பாவம், அவருக்கும் அன்றைய கணக்கு முடிக்க வேண்டும்.

மெசேஜுக்குப் பதில் அனுப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. அனுப்பியவர் இடத்தில் எண் இல்லாமல் கொம்பனியின் பெயர் மட்டும் இருந்தால் அது ஒருவழிப் பாதை. நீங்கள் எழுதும் பதில் யாருக்கும் போய்ச் சேராது. செய்தியில் இணைப்பு இருந்தால், ‘நிறுத்த இங்கே அழுத்தவும்’ என்று போட்டிருந்தாலும், தொடவே வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது, மூல அட்டவணையில் கை வைக்கக்கூடியவரிடம் எழுத்தில் கொடுப்பது. உங்கள் கணவர் கணக்கு வைத்திருந்த அல்லது லீசிங் எடுத்த கிளையின் முகாமையாளருக்கு ஒரு கடிதம். அதே கடிதம் பதிவுத் தபாலில் கொழும்புத் தலைமையகத்துக்கும். தபாலகப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்றை இணையுங்கள், ஆனால் அந்தப் பிரதியின் குறுக்கே நீல மையில் ‘இன்ன நிறுவனத்துக்கு அறிவிப்பதற்கு மட்டும்’ என்று எழுதித் திகதி போட்டுக் கொடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி பிரதி எடுப்பார்கள். எழுத்து பெயரின் மேலாகவே போக வேண்டும்.

கடிதம் இவ்வளவு போதும்: ‘மேற்படி வாடிக்கையாளர் இன்ன திகதியில் காலமானார். அவருடைய பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை உங்கள் எல்லா விளம்பரப் பட்டியல்களிலிருந்தும், உங்கள் சார்பில் செய்தி அனுப்புவோருக்கும் அழைப்பு எடுப்போருக்கும் கொடுத்த பட்டியல்களிலிருந்தும் நீக்கி, நீக்கியதை 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும்.’ இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம். தமிழிலேயே எழுதலாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் மூன்றையும் மட்டும் ஆங்கில எழுத்தில் மேலே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கொழும்பில் கடிதம் மேசைக்கு மேசை சுற்றும்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் செய்தி வரலாம், ஏற்கெனவே எடுத்த பட்டியல் ஓடி முடிய வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் வந்தால், அது வங்கியோ அனுமதி பெற்ற நிதிக் கம்பனியோ என்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள். நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று 2023இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கடிதப் பிரதியும் பற்றுச்சீட்டும் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்குக் கனம் இருக்கும். போன் கொம்பனி உங்கள் முறைப்பாட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900.

வழக்கு? இப்போதைக்கு அந்த வழியில் போக வேண்டாம். இதற்கென்று ஒரு நல்ல சட்டம் வந்துவிட்டது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது, நிறுத்தும் வழியைச் செலவில்லாமல் காட்ட வேண்டும், மீறினால் 1 கோடி ரூபா வரை தண்டம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இறந்தவரின் தரவும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறது. வாசிக்க வயிறு குளிரும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய பகுதிகளைக் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள், பிறகு திருத்தம் என்றார்கள். ஒரு பெண் தன் புருஷன் செத்துப்போனான் என்று எத்தனை முறை சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் இன்னும் நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் புளூம் அண்ட் வைல்ட் என்ற பூ விற்கும் நிறுவனம் 2019இலேயே, அன்னையர் தின விளம்பரம் உங்களுக்கு வேதனை தரும் என்றால் சொல்லுங்கள், அனுப்பமாட்டோம் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுவிட்டது. எந்தச் சட்டமும் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. செய்ய நினைத்தால் ஒரு பொத்தான் வேலை.

இனி சிம். அதை அவசரப்பட்டு நிற்பாட்டிவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். உங்கள் கணவரின் வங்கிக் கணக்கு, காப்புறுதி, மின்சார பில், பிள்ளையின் வகுப்புக் கட்டணம், மின்னஞ்சல், பேஸ்புக் எல்லாம் அந்த இலக்கத்தோடுதான் கட்டியிருக்கும். வங்கியில் உங்களைப் பின்னுரித்தாளராக (அவருக்குப் பிறகு காசைப் பெறுபவராக) போட்டிருந்தாலும், இல்லாவிட்டாலும், அலுவல் முடியும்வரை அந்த இலக்கத்துக்கு ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும். அவர் யாருக்கும் சொல்லாமல் கட்டிவந்த ஒரு காப்புறுதி இருந்தால், அது உங்களுக்குத் தெரியவருவதே தவணை நினைவூட்டும் மெசேஜில்தான். சிம்மைப் பெட்டியில் போட்டுவிட்டு ரீலோட் பண்ணாமல் விட்டாலும் ஆபத்து. கொஞ்ச காலத்தில் இலக்கம் செயலிழந்து, பிறகு யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும். அப்புறம் உங்கள் கணவரின் ஓ.டி.பி. அந்தத் தெரியாதவருடைய போனில் வரும். ஆகவே மரண அத்தாட்சிப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, இருந்தால் விவாகப் பதிவுப் பிரதி, இவற்றோடு போன் கொம்பனியின் சொந்தக் கிளைக்கு (சந்தியில் பெயர்ப்பலகை தொங்கவிட்ட முகவரிடம் அல்ல) போய் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே விளம்பரச் செய்திகள் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை சிறிய தொகைக்கு ரீலோட் பண்ணி, மெசேஜ் சத்தத்தை அணைத்து வையுங்கள். எல்லா அலுவலும் முடிந்த பிறகு நிற்பாட்டலாம். ஒன்று மட்டும்: அவருடைய ஓ.டி.பி.யை வைத்து அவருடைய கணக்கில் காசு எடுக்க வேண்டாம். உங்கள் காசாகவே இருந்தாலும் வங்கி மூலம் முறையாக எடுங்கள். பிறகு பங்காளி எவராவது கேள்வி கேட்டால் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பேஸ்புக்கில் அவருக்குக் கணக்கு இருந்தால் அதை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகு யாரும் உள்ளே போக முடியாது, ஆகவே வேண்டிய படங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இதுவரை சொன்னதெல்லாம் மனம் இல்லாத மென்பொருளின் வேலை. மனம் இருந்தும் இரக்கம் இல்லாதவர்கள் இனித்தான் வருவார்கள். எங்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். முழுப் பெயர், பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிறப்பும் இறப்பும் நாள் மாதம் ஆண்டோடு, அன்பு மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், கனடாவில் மகனின் போன் இலக்கம், இங்கே வீட்டு இலக்கம். பத்திரிகையில் போடுவது காணாதென்று இணையத்திலும் போடுகிறோம், அது அங்கேயே கிடக்கும். களவு எடுக்க நினைப்பவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நாலு மாதம் கழித்து ஒருவன் எடுப்பான். ‘அம்மா, ஐயாவுடைய பெயரில் ஒரு காப்புறுதி போனஸ் தேங்கிக் கிடக்கு. ஐயா பிறந்தது இன்ன திகதிதானே? மகன் கனடாவில்தானே?’ எல்லாம் சரியாகச் சொல்லுவான், நீங்கள் நம்புவீர்கள். பிறகு ‘விடுவிக்க 18,000 ரூபா கட்டணம்’ என்பான், அல்லது ஒரு ஓ.டி.பி. கேட்பான்.

உண்மையான காப்புறுதிக் காசு தர யாரும் முதலில் காசு கேட்கமாட்டார்கள். அப்படி அழைப்பு வந்தால் பெயரையும் கொம்பனியையும் மட்டும் கேட்டு வையுங்கள், கட் பண்ணுங்கள், அந்தக் கொம்பனியின் திருகோணமலைக் கிளைக்கு நேரில் போய் விசாரியுங்கள். ஏற்கெனவே ஓ.டி.பி. கொடுத்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவான சேர்ட்டின் 101.

ஏழு மாதத்தில் ஆட்டைத்திவசம் வரும். நினைவஞ்சலி போட உறவினர்கள் வாசகம் எழுதிக்கொண்டு வருவார்கள். பிறப்பிலும் இறப்பிலும் ஆண்டை மட்டும் போடச் சொல்லுங்கள், போன் இலக்கம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய மரண அறிவித்தலில் இருக்கும் இலக்கங்களை எடுத்துவிடும்படி அதைப் போட்ட இணையதளத்துக்கு மகனை ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.