தச்சுப் பட்டறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டு கராஜில் சிறிய தச்சுப் பட்டறை அமைத்து வருகிறேன். இப்போது பழைய சமையலறை மேசையின் மீதுதான் வேலை நடக்கிறது; இழைப்புளியைத் தள்ளினால் மேசையே நகர்ந்துவிடுகிறது. புதிதாக வேலைமேசை செய்ய பைன் மரமே போதும் என்கிறார் மரக்கடைக்காரர். சலிக்னாதான் வேண்டும் என்கிறார் என் மாமா. யார் சொல்வதைக் கேட்பது? உயரம், அளவு ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் மேசை நகர்வதற்கு எடைக் குறைவும் கால்களின் ஆட்டமுமே காரணம். இவ்விரண்டையும் சரிசெய்துவிட்டால், எந்த மரம் என்பது அவ்வளவு பெரிய கேள்வியாக இராது. யூகலிப்டஸ் வகையைச் சேர்ந்த சலிக்னா கனமும் உறுதியும் உள்ள மரம்தான். ஆனால் எளிதில் வெடிக்கும், கை இழைப்புளிக்கு அவ்வளவு லேசில் இணங்காது. நம் ஊர் வேங்கைக்கு உறவான கியாட் மரத்தையோ மேசைக்குச் செலவழிக்க மனம் வராது. அதை நாற்காலிக்கும் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசைக்கு நான் பைனையே சொல்வேன்.

கட்டட வேலைக்கு விற்கும் 38 × 114 மி.மீ. பைன் சட்டங்களை வாங்கி, படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, பக்கத்தோடு பக்கம் ஒட்டுங்கள். இழைத்த பின் ஒவ்வொன்றும் சுமார் 35 மி.மீ. கனம் நிற்கும் என்று கொண்டால், 16 சட்டங்களில் 560 மி.மீ. அகலம் கிடைக்கும். நீளம் 1.8 மீட்டர் என்றால் மேற்பலகை மட்டுமே ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அதற்குமேல் இழைப்புளி அதை நகர்த்தாது. குத்தாக ஒட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணமாக அறுத்த பலகை அகலவாக்கில் விரிந்து சுருங்கும் அளவில் ஏறக்குறையப் பாதிதான் தடிமன் வாக்கில் விரிந்து சுருங்கும். குத்தாக ஒட்டும்போது சட்டங்களின் தடிமனே மேசையின் அகலமாகிறது. டர்பனின் ஈரமான கோடையில் இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

கடையில் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு உள்ளதையும், வெட்டுமுகத்தில் அடிமரத்தின் மையம் தெரிவதையும் ஒதுக்கிவிடுங்கள். வாங்கியவற்றைச் சில வாரங்கள் கராஜிலேயே இடைவெளி விட்டு அடுக்கிவைத்த பிறகே இழைக்க வேண்டும். எல்லாச் சட்டங்களின் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருக்குமாறு குறியிட்டுக்கொள்ளுங்கள். மாறி மாறி ஒட்டினால், பின்னாளில் மேற்பரப்பை இழைக்கும்போது எந்தப் பக்கம் தள்ளினாலும் நார் பிய்ந்து வரும். பதினாறையும் ஒரே மூச்சில் ஒட்டப் பார்த்தால் கிளாம்ப் (இறுக்குப் பிடி) பூட்டுவதற்குள் பசை இறுகத் தொடங்கிவிடும். நான்கு நான்காக ஒட்டி, இழைத்து, பின்பு சேருங்கள்.

உயரத்துக்கு இதுதான் அளவு என்று விதி கிடையாது. வேலைக்குப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்புக்கும் விரல்முட்டிக்கும் இடைப்பட்ட உயரம் இழைப்புளி வேலைக்கு ஏற்றது. முன்கால்களின் முகமும் மேற்பலகையின் முன்விளிம்பும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அழகான மேசையில், நீளக் கதவுச் சட்டத்தைக் குத்தாக நிறுத்தி ஓரம் இழைக்க முயன்றால், சட்டத்தின் அடிப்பாகத்துக்குப் பிடிமானமே இராது. அதனால்தான் மேற்பலகையைக் கால்சட்டத்தோடு முன்புறம் இறுக்கமாகவும், பின்புறம் நீள்துளையிட்டுச் சற்றுத் தளர்வாகவும் திருகச் சொல்கிறேன். மரம் விரிந்தாலும் பின்னோக்கியே நகரும்.

இழைக்கும் விசை மேசையின் நீளவாக்கில் செல்வதால், கால்களை இணைக்கும் நீளச் சட்டங்கள் அகலமாக இருக்கட்டும். வீடு மாற நேர்ந்தால் பிரித்தெடுக்க வசதியாக, அங்கே குட்டையான கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) 12 மி.மீ. போல்ட்டும் போதும். மரம் காய்ந்து தளரும்போது ஸ்பானரால் முடுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மேசைக்காக வாங்கி வந்த பைன் பச்சை நிறமாக இருக்கிறது. மருந்தேற்றிய மரம் என்றார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பயன்படுத்தலாமா?
– வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: அம்மா, வேலைமேசைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். டர்பன் பகுதியில், மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான் வகை பரவியுள்ளதால், கூரை மரத்துக்கு மருந்தேற்றுவது அவசியமாகிறது. பச்சை நிறம் பெரும்பாலும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தின் அடையாளம். கூரையில் அசையாமல் கிடக்கும் வரை அது நல்லதுதான். மேசையோ இழைத்து, துளையிட்டு, ஆண்டுதோறும் சமன்செய்யப்படுவது. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. வெட்டிய துண்டுகளைப் பிராய் அடுப்பில் (இறைச்சி சுடும் அடுப்பு) எரித்துவிடாதீர்கள், புகையும் சாம்பலும் நஞ்சு. மரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து, மருந்தேற்றாததையோ, நிறம் மாற்றாத போரான் ஏற்றியதையோ கேட்டு வாங்குங்கள். மருந்தில்லாத மேசைக்குக் கீழே கசகசா போன்ற துகள் குவிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கண்டால் கரையான் உள்ளே இருக்கிறது.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மேசையின் எந்தப் பக்கம் பூட்டுவது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வலக்கைக்காரர் வலமிருந்து இடமாக இழைப்பதால் இடது முனையில் பூட்டுவார். உங்களுக்கு வலது முனை. மரத்தைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டையும் அதே முனையிலேயே வர வேண்டும்.