காண்ட்ரா நடனமும் கூச்சமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மாசசூசெட்ஸ் வந்த பிறகு தோழி ஒருத்தி காண்ட்ரா என்ற நாட்டுப்புற நடனத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிடித்துவிட்டது. ஆனால் தொடாமல், கண்ணைப் பார்த்தபடியே ஒருவரையொருவர் சுற்றி வரும் அசைவில் சிலர் வேண்டுமென்றே நெருங்கி வந்து புருவத்தை ஆட்டுகிறார்கள். ஸ்விங், அதாவது இருவர் பிடித்துக்கொண்டு சுழலும் அசைவு, முடியும்போது ஒருவர் கேட்காமலே என்னைப் பின்னால் சாய்த்துவிட்டார். சொன்னால் "விளையாட்டுதானே" என்கிறார்கள். நான்தான் ஊர்க் கூச்சத்தை விடாமல் இருக்கிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதில் ஊர்க் கூச்சம் எங்கே வந்தது? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதே புகாரைச் சொல்கிறார்கள், ஆண்கள் உட்பட.

இந்த நடனத்தைப் பார்த்திராதவர்களுக்காக: எதிரெதிரே இரண்டு நீள வரிசை, மேடையில் ஃபிடில், பக்கத்தில் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருக்கும் காலர். 64 தாள அடிக்கு ஒரு சுற்று, அதாவது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். சுற்று முடிந்ததும் நீங்களும் உங்கள் ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திப்பீர்கள். நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது ஒரே ஒருவரை, ஆனால் இசை நிற்பதற்குள் முன்பின் தெரியாத பலருடன் கைகோத்துச் சுழன்றிருப்பீர்கள். சிக்கல் இங்கேதான். ஜோடியாக வந்த இருவர் தங்களுக்குள் எந்தக் குறும்பை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எதிரே வந்து நிற்கும் அடுத்தவரிடம் அந்த உரிமை தானாக வந்துவிடாது.

'டிப்' என்று பின்னால் சாய்ப்பதைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. கேட்காமல் செய்யக்கூடாது, அவ்வளவுதான். எதிரே இருப்பவரின் முதுகும் கழுத்தும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அரை நிமிடப் பழக்கத்தில் யாருக்குத் தெரியும்? நெரிசலான வரிசையில் சாய்ந்த தலை இன்னொருவர் முழங்காலுக்கு நேராகப் போகும். "அவங்களுக்கும் பிடிக்குமே" என்பவர்கள் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவர்கள். இதோடு பார்த்தால் கையைத் தூக்கி ஒரு சுழற்சி கொடுப்பது எவ்வளவோ மேல், ஒழுங்காகச் செய்தால். கையை உயர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேண்டுமென்றால் அவர் அடியில் புகுந்து சுற்றுவார், வேண்டாமென்றால் கையைக் கீழேயே இறுக்கி வைத்துக்கொள்வார். கிணற்று ராட்டினம் மாதிரி முறுக்கினால் தோள்பட்டைதான் போகும்.

கண்ணைப் பார்ப்பது வேறு விஷயம். ஸ்விங்கில் கண்ணைப் பார் என்று புதியவர்களுக்குச் சொல்வது தலைசுற்றலுக்காக. வலது காலை ஊன்றி இடது காலால் தள்ளித் தள்ளிச் சுழலும்போது மண்டபமே ஓடுகிறது, எதிரே இருக்கும் முகம் மட்டும்தான் ஓடாமல் நிற்கும். அதற்குக் கண்தான் வேண்டுமென்பதில்லை, காது, புருவம், சட்டைப் பொத்தான் எதுவும் போதும். நீங்கள் சொல்லும் சுற்று, இப்போது பல இடங்களில் 'வலது தோள் சுற்று' என்கிறார்களே அது, யாரும் யாரையும் தொடாதது என்பதால் வட்டத்தை அகலமாக்குவது உங்கள் காலில் இருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லையா, பேசாமல் டோ-சி-டோ போட்டுவிடுங்கள். முதுகோடு முதுகாகப் போனாலும் ஏறக்குறைய அதே பாதை, முடிவதும் அதே இடம், அடுத்த அசைவு கெடாது.

அதற்காக இந்த அசைவையே தூக்கிவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜோடியில் இருவரின் பாகத்துக்கும் ஆண், பெண் என்று பார்க்காமல் லார்க், ராபின் என்று பெயர் வைத்து ஆடும் இடங்களில் அறுபது வயதுப் பாட்டியும் பதினான்கு வயதுப் பையனும் இதே சுற்றில் எதிரெதிரே வருகிறார்கள். பாட்டி கண்ணை உருட்டி முறைக்கிறார், பையன் பதிலுக்கு முறைக்கிறான், இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. விளையாட்டு என்றால் எனக்கு இதுதான். காலர் சொல்லிக்கொடுக்கும்போதே அதைக் காதல் காட்சியாக நடித்துக் காட்டினால் கூட்டமும் அதையே செய்யும். "எங்கே பார்ப்பது என்பது உங்கள் இஷ்டம்" என்று அவர் ஒரு வரி சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

அப்புறம், ஒருவரோடு ஆட மறுத்தால் அந்தப் பாட்டு முடியும்வரை யாரோடும் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற பழைய மரியாதையை யாராவது ஞாபகப்படுத்தினால் காதில் வாங்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் அதைக் கைவிட்டாயிற்று. உங்களைச் சாய்த்த அந்த மனிதர் மறுபடி வரிசையில் வந்தால் ஸ்விங் தொடங்கும்போதே "டிப் வேண்டாம்" என்று சிரித்தபடி சொல்லுங்கள். சிரிக்காமலும் சொல்லலாம். அதற்குப் பிறகும் சாய்த்தால் நேராக அமைப்பாளர்களிடம் போய்விடுங்கள்.