மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு: கேள்வி பதில்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கண் மருத்துவமனையில் மாறுகண் பிரிவில் ஆர்த்தாப்டிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவெடுப்பது, ஆபரேஷன் முடிந்து வரும் பிள்ளைகளைப் பின்தொடர்வது, நல்ல கண்ணை மூடும் பேட்ச்சைக் கட்ட வைக்கப் போராடுவது, இவைதான் என் வேலை. எனக்கே இருபத்தாறு வயதில் மாறுகண் ஆபரேஷன் நடந்தது. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு இருக்கிறேன். கேளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா: என் மகனுக்கு ஐந்து வயது. வலது கண் வெளிப்பக்கம் ஓடும். ஆபரேஷன் ஆகி நாலு நாள். வெள்ளை விழி முழுக்க ரத்தச் சிவப்பு. போதாததற்குக் கண் இப்போது மூக்குப் பக்கம் சாய்ந்தாற்போல இருக்கிறது. தப்பாகப் பண்ணிவிட்டார்களா? முந்திரி உடைக்கப் போகிறவள் நான், எத்தனை நாள் லீவு போடுவது?

அம்மா, பயப்படாதீர்கள். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், மற்றவர்களும் படியுங்கள்.

கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்து ஆபரேஷன் செய்துவிட்டுத் திரும்பப் பொருத்துவார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்துத் திருப்புகின்றன. வெள்ளை விழிமேல் இருக்கும் மெல்லிய சவ்வை ஓரமாகத் திறந்து, தேவையான தசையைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பார்கள், அல்லது கொஞ்சம் குறைத்து இழுத்துத் தைப்பார்கள். கண்ணுக்கு உள்ளே கத்தி போவதே இல்லை. திறந்த அந்தச் சவ்வு நிறைய ரத்த நாளம் உள்ள இடம், அதனால்தான் குங்குமம் கொட்டினாற்போல் சிவக்கிறது. முதல் நாள் தலையணையில் ரோஸ் நிறத்தில் கண்ணீர்க் கறை பார்த்திருப்பீர்களே, அதுவும் இதனால்தான். இந்தச் சிவப்பு ரெண்டு வாரத்தில் பாதியாகும், முழுதாக வெளுக்க ஆறு வாரம்கூட ஆகலாம். நடுவில் மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள் காமாலை என்று ஓடாதீர்கள். அடிபட்ட இடம் கன்றிப்போய் நிறம் மாறுவதுபோல்தான் அதுவும்.

மூக்குப் பக்கம் சாய்ந்திருப்பது பற்றி. வெளியே ஓடும் கண் ஆபரேஷனுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவப் பார்க்கும். அது தெரிந்தே பல டாக்டர்கள் ஆரம்பத்தில் ஒரு சுருதி கூட்டி, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் வைப்பார்கள். அதனால் நாலாம் நாள் கண்ணாடி முன் நிறுத்தித் தீர்ப்பு எழுதாதீர்கள், கண் எங்கே நின்றது என்று சொல்ல ஆறு வாரமாவது ஆகும். ஆனால் ரெண்டு மூன்று வாரம் கழித்தும் அதே அளவு உள்ளே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னப் பிள்ளை ரெண்டாகத் தெரிகிறது என்று சொல்லாது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும். அதைக் கவனியுங்கள்.

அன்றைக்கே ஓட வேண்டிய விஷயங்கள் வேறு: வலி குறையாமல் நாளுக்கு நாள் ஏறுவது, இமை வீங்கி மூடிக்கொள்வது, மஞ்சள் சீழ், காய்ச்சல், பார்வை மங்குவது, திடீரென்று கண் ஒரு பக்கம் திரும்பவே மாட்டேன் என்பது. இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் வேலையைச் சொன்னதால் இன்னொன்று. முந்திரி ஓட்டுப்பால் தோலையே பொத்துவிடும். கை நிறைய சோப்பு போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவாமல் பையன் கண் பக்கம் போகவே கூடாது. லீவைப் பொறுத்தவரை, முதல் வாரம் சொட்டு மருந்து நேரத்துக்கு விட ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். பையன் ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் போகலாம்.

அழுகிற பிள்ளைக்குச் சொட்டு விடும் வழி: மல்லாக்கப் படுக்க வையுங்கள். கண்ணை மூடிக்கொள்ளட்டும், பிரிக்கப் போராடாதீர்கள். மூக்கோரமாக இருக்கும் கண் மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். குளம்போல் நிற்கும். அப்புறம் மேலே ஃபேன் ஓடுதா பார் என்று கேளுங்கள். கண் திறந்ததும் மருந்து தானே உள்ளே இறங்கிவிடும்.

நெல்லிக்குப்பம்: மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம்.

பாகூர், 34 வயது: எனக்கு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது. கடலூர் சிப்காட்டுக்கு பைக்கில் போகணும். எப்போது சரியாகும்?

தம்பி, பைக்கைத் தொடாதீர்கள். ரெண்டாகத் தெரிவது அடங்கி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை பஸ்தான்.

பெரியவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். வருடக்கணக்காக ஒரு கண் காட்டும் படத்தை மூளை ஒதுக்கி வைத்துப் பழகியிருக்கும். கண் திடீரென்று புது இடத்துக்கு வந்ததும் அந்தப் பழைய ஏற்பாடு குழம்பிவிடுகிறது. பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அடங்கும். எனக்குப் பதினேழு நாள் இருந்தது. மஞ்சக்குப்பம் ஸ்டாப்பில் ரெண்டு பஸ் வந்து நிற்கும், ரெண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே கண்டக்டர். ஒருநாள் இல்லாத கம்பியைப் பிடித்து ஏறப் போய் முழங்காலில் சிராய்த்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஏறக் கற்றேன். அந்த மாதிரி அவசரத்துக்கு மூடலாம். நாள் முழுக்க நீங்களாகக் கட்டு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், ரெண்டு கண்ணும் சேர்ந்து பழக வேண்டும். அடங்காவிட்டால் கண்ணாடியில் பிரிஸம், அதாவது ரெண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் பட்டகம், ஒட்டித் தருவார்கள்.

உங்களுக்கு அட்ஜஸ்டபிள் தையல் போட்டார்களா? எனக்குப் போட்டார்கள். மறுநாள் காலை மரப்புச் சொட்டு விட்டு, எதிரே ஒரு சின்ன விளக்கைப் பார்க்கச் சொல்லி, முழு விழிப்பில் முடிச்சைத் தளர்த்தி இறுக்கினார்கள். வலி இல்லை. ஆனால் யாரோ கண்ணுக்குப் பின்னால் கயிறு இழுப்பதுபோல் ஒரு இழுப்பு, உடனே வயிற்றைப் புரட்டியது. கண் தசையை இழுத்தால் இதயத் துடிப்பு குறையும், உடம்பில் அப்படி ஒரு இணைப்பு இருக்கிறது. அதனால்தான் இந்த ஆபரேஷனில் மயக்க டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

திருப்பாதிரிப்புலியூர், ஒரு தாத்தா: பேத்திக்கு இடது கண்தான் மாறுகண். நல்ல வலது கண்ணிலும் கத்தி வைத்துவிட்டார்கள். கேட்டால் அப்படித்தான் என்கிறார்கள்.

ஐயா, கோபம் நியாயம்தான். முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் செய்தது தப்பில்லை. ஒரே நுகத்தடியில் பூட்டிய ரெண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு மாட்டின் கயிற்றை மட்டும் சுருக்கியும் சரிசெய்யலாம், ரெண்டு கயிற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியும் சரிசெய்யலாம். மூளை ரெண்டு கண்ணுக்கும் சமமாகத்தான் கட்டளை அனுப்புகிறது. மாறுகண் என்பது ஒரு கண்ணின் நோய் என்பதைவிட, ரெண்டு கண்ணுக்கும் இடையே உள்ள கோணம். விலகல் அதிகம் இருந்தால் ஒரே கண்ணில் அத்தனையும் ஏற்றாமல் பங்கு போடுவார்கள். பேத்தியின் வலது கண் பார்வை இதனால் குறையாது.

மரக்காணம்: கருவாடு?

மேலே நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதேதான்.

முதலியார்பேட்டை: மொபைல், டிவி?

பார்க்கலாம். பார்ப்பதால் தையல் பிரியாது. வேறு காரணத்துக்காகத் தடை போடுவதென்றால் அது உங்கள் வீட்டு விவகாரம்.

வில்லியனூர்: மகளுக்கு ஆறு வயது. ஆபரேஷனுக்குப் பிறகு கண் அழகாக நேராகிவிட்டது. இனி கண்ணாடியும் பேட்ச்சும் எதற்கு என்கிறார் மாமியார்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷன் கண்ணை நேராக்கும். பார்வையை ஏற்றாது. சோம்பேறிக் கண் என்பது மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்காமல் விட்டது. தசையை எங்கே தைத்தாலும் அந்தப் பாடம் தானாக வராது. நல்ல கண்ணை மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கினால்தான் வரும். மிதமான சோம்பேறிக் கண்ணுக்குத் தினம் 2 மணி நேரம் கட்டுவதே 6 மணி நேரம் கட்டுவதற்கு ஈடான பலன் தருகிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது, அதனால் சித்திரவதை ஒன்றுமில்லை. உங்கள் மகளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம், ஆறு வயதில் ஒவ்வொரு மாதமும் காசு.

கண்ணாடியும் அப்படித்தான். ப்ளஸ் பவர் உள்ள பிள்ளை கண்ணாடியைக் கழற்றினால், தெளிவாகப் பார்க்க கண் முக்கும், முக்கும்போது கண் உள்ளே திரும்பும். ஆபரேஷன் செய்ததை நீங்களே அவிழ்க்கிற கதை. நேராக இருக்கிறது என்று செக்கப்பை நிறுத்திய பிள்ளைகள் நாலு வருடம் கழித்து, ஒரு கண்ணில் போர்டு எழுத்து ஒன்றும் தெரியாமல் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாமியாரிடம் என் பேரில் பழி போட்டுக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம்: பத்து நாளில் மாசி மகம். பிள்ளையைக் கடலில் முக்கலாமா? திருவந்திபுரத்தில் மொட்டை வேண்டுதலும் இருக்கிறது.

சாமி பார்க்கட்டும், கடலில் முக்க வேண்டாம். கடல், ஆறு, நீச்சல் குளம் எல்லாமே டாக்டர் சொல்லும்வரை, சுமார் மூன்று நாலு வாரம் தள்ளி. மொட்டையும் ஒரு மாதம் பொறுக்கட்டும். தண்ணீரும் முடித் தூளும் கண்ணுக்குள்தான் வழியும். தேவநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் தலைக்கு ஊற்றுவதென்றால் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள்.

அரியாங்குப்பம்: மூன்று வாரம் ஆகியும் லேசாகச் சிவப்பு. அதே சொட்டு மருந்தை மருந்துக்கடையில் இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டேன். சரிதானே?

சரியே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தருவதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் சொன்ன நாள் வரை நல்ல மருந்து. அதற்குமேல் நீங்களாக விட்டுக்கொண்டே போனால் கண் அழுத்தம் ஏறலாம், மாதக்கணக்கில் போனால் கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது வலிக்காது, தெரியாது. கடைக்காரர் சீட்டு கேட்காமல் கொடுத்தால் அது அவர் தாராளம், உங்கள் கண். புது பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

நெய்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மேடம், மீனைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகச் சொல்கிறீர்கள். புண் இருக்கும்போது மீன், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான். சீழ் பிடிக்கும். எங்கள் பாட்டி காலத்திலிருந்து கண்ட அனுபவம்.

சார், வணக்கம். பாட்டி காலத்தில் கரையும் தையலும் கொதிக்க வைத்த கருவியும் எல்லா ஊரிலும் இல்லை. சீழ் பிடித்தது கிருமியால். பழி விழுந்தது முந்தின நாள் சாப்பிட்ட வஞ்சிரத்தின்மேல்.

தேவனாம்பட்டினம் (அதே அம்மா): நடுவில் பேசுகிறேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கே சுறாப் புட்டுதான். அதுவும் பச்சைப் புண்தானே சார்?

நெய்வேலி ஆசிரியர்: சுறா பத்திய மீன். அது வேறு. எல்லா மீனும் சுறா ஆகுமா?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை: எங்களுக்குக் காரப்பொடியும் பத்தியம்தான். உங்களுக்கு எது பத்தியம் என்று பட்டியல் போடுங்கள் சார்.

சரி, சரி. எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். மாறுகண்ணை விட்டு மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டோம். சாருக்கு ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு அரிக்கும் பிள்ளைகள் உண்டு. அரித்தால் கண்ணைக் கசக்கும். கசக்குவது கெடுதல். அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மற்றபடி அந்தத் தையல் நூல் கண்ணில் இருக்கும் ஈரத்தாலேயே மெல்ல மெல்லக் கரைவது. சில வாரம் எடுக்கும். நீங்கள் ரசம் சாதம் சாப்பிட்டாலும் அதே வேகம், சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டாலும் அதே வேகம். பத்தியம் என்று அஞ்சு வயசுப் பிள்ளையைப் பதினைந்து நாள் பால் சோற்றில் வைத்து, துரும்பாக இளைத்துக் கூட்டிவந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் நிஜமாகவே தடை போடுவது வாய்க்குள் போவதை இல்லை, கண்ணுக்குள் போவதை. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், இளநீர், எதுவும் வேண்டாம். எத்தனை பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி: என் குழந்தைக்கு ரெண்டு மாதம். கண் சில நேரம் மாறுகிறது. ஆபரேஷன் தேவைப்படுமா?

எப்போதாவது மாறினால் நாலு மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். எப்போதும் ஒரே கண் மாறியிருந்தாலோ, போட்டோவில் கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினாலோ காத்திருக்காதீர்கள், நாளைக்கே போங்கள். அது கண்ணுக்குள் கட்டியாகக்கூட இருக்கலாம். தவளக்குப்பம் அரவிந்திலும் கோரிமேடு ஜிப்மரிலும் கண் பிரிவு இருக்கிறது.

சிதம்பரம்: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை. நேற்றிலிருந்து ரெண்டாகத் தெரிகிறதாம். மாறுகண் ஆபரேஷன் செய்யலாமா?

இது வேறு விஷயம். நரம்புக் கோளாறாக இருக்கலாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், பதிலைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

உழவர்கரை: மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்களே, எடுக்கலாமா?

எனக்கு இருபத்தாறு வருடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் "ஒன்றரைக் கண்" என்ற பட்டப்பெயரைத் தவிர ஒரு அதிர்ஷ்டமும் வரவில்லை.

விருத்தாசலம்: இன்சூரன்ஸ் பணம் தருமா?

என் துறை இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே பாலிசிக்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பண்ருட்டி (முதலில் கேட்ட அம்மா): காலையில் பூளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. சீழா?

காலையில் மட்டும், கொஞ்சமாக, துடைத்ததும் நாள் முழுக்கச் சுத்தமாக இருந்தால் சீழ் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு நிமிடம் இமைமேல் வைத்திருங்கள், ஊறியதும் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கம் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். பகலிலும் வடிந்துகொண்டே இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

கூடுவெளிச்சாவடி, பரங்கிப்பேட்டை, காலாப்பட்டு: இறால்?

மூன்று பேரும் மேலே போய்ப் படியுங்கள். நான் சமைக்கப் போகிறேன், எங்கள் வீட்டில் இன்றைக்கு அதுதான்.