டெல்டா ஊர்கள் தேய்ந்ததற்குச் சோம்பேறித்தனமா காரணம்?

‘டெல்டாவில் சின்ன ஊர்களெல்லாம் ஏன் இப்படிக் களையிழந்து போயின? 100 நாள் வேலை வந்து ஜனங்கள் சோம்பேறியானதுதானே காரணம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போய் வருகிறவர் என்று நினைக்கிறேன். நானும் அந்த ரகம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த ‘சோம்பேறி’ சுருக்கென்று தைத்துவிட்டது.

என் ஊர் ஆக்கூர். நான் பிறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம், 1991ல் நாகப்பட்டினம், 2020ல் மயிலாடுதுறை. மாவட்டத் தலைநகர் கிட்டே வர வர ஊர் மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது.

அப்பா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். நிலம் கிடையாது. ‘பண்ணையார் வீட்டுப் பிள்ளை பழம்பெருமை பேசுகிறான்’ என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன். அது பொற்காலம் என்றும் சொல்லவில்லை. இடுப்பொடிய நட்ட பெண்களுக்குக் கிடைத்த கூலியை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

எங்கள் கடை ஓடியது கடன் நோட்டில். நீளவாட்டு நோட்டு, சிவப்புத் துணி அட்டை. ஆனி, ஆடியில் வாங்கிய துவரம்பருப்பு, மண்ணெண்ணெய், புகையிலை எல்லாம் பெயர் பெயராக அதில் ஏறும். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் பக்கத்தில் ‘கிணத்தடி’, ‘மேலத்தெரு’, ‘நெட்டை’ என்று அப்பா குறித்துவைப்பார். வரவு எழுதும் பக்கம் புரட்டாசி வரை வெறுமையாகவே கிடக்கும். குறுவை, அதாவது குறுகிய கால நெல், அறுத்துக் காசு கைக்கு வந்ததும் ஒரு வாரத்தில் பாதி நோட்டு அடிபட்டுவிடும். அடுத்து தீபாவளி. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, தையல்காரர் என்று கடைத்தெருவே அந்தக் குறுவைப் பணத்தில்தான் நிமிரும்.

குறுவை மேட்டூர் அணையை நம்பிய பயிர். வழக்கமான தேதியான ஜூன் 12ல் அணை திறந்தால், வாய்க்கால் கோடியில் இருக்கிற எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட நாளாகும். புதுத்தண்ணீர் வாய்க்காலில் நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாகத் தள்ளிக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் வரும். நாங்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவோம். கால் நனைந்தவன் தோற்றான்.

அந்தத் தேதி தவறத் தவற நோட்டும் மெலிந்தது. 2006க்கு முன்பே சில வருடம் தவறியது. அப்புறம் 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஒரு தடவைகூட ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை. போர்வெல் போடலாமே என்பீர்கள். மேற்கே போட்டார்கள், குறுவையும் எடுத்தார்கள். கடலை நெருங்க நெருங்கத் தண்ணீர் உப்பு. அதனால் எங்கள் பக்கம் பல பேருக்குத் தையில் அறுக்கிற சம்பா ஒன்றுதான் மிச்சம். ஒரு போகப் பணம் இரண்டு போகக் கடைத்தெருவைத் தாங்குமா? ஜவுளி எடுக்க மாயவரம் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) போனார்கள், பையன்கள் திருப்பூர் போனார்கள். 100 நாள் வேலை வந்ததே 2006ல். ஜவுளிக்கடை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. ஆள் பஞ்சம் இப்போது இருக்கிறது, மறுக்கவில்லை. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள். ஆனால் எது முதலில் நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

ரயிலையும் சொல்லிவிடுகிறேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் போட்ட பாதை. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நின்று நின்று போகும். 1986ல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குச் சரக்கு வந்ததே அதில்தான், அப்புறம் லாரி வாடகை தனிச் செலவாயிற்று. அது போகட்டும், சென்னையிலிருந்து மாயவரம் வரைக்குமாவது பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கிறதா? முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல். ஆம்னி பஸ்காரன் அன்றைக்குக் கேட்கிற காசுக்கு விமானத்திலேயே போகலாம் போலிருக்கிறது. கேட்டால் ‘பண்டிகை சார்’ என்கிறான். நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் தம்பி இன்னும் ஆக்கூரில்தான் இருக்கிறான். கடையை மூடிவிட்டு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சம்பா போடுகிறான். நாற்று விட்டு நடக் கட்டுப்படியாகவில்லை என்று நேரடி விதைப்புக்கு மாறிவிட்டான். சோம்பேறி என்பதை அவனிடமே நேரில் சொல்லிப் பாருங்கள். தை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல் கிடந்து, எடை போட்ட பிறகு போங்கள். அதற்கு முன்னால் அவனுக்கு நேரம் இருக்காது.