பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடின பழைய பெட்ரோல் வண்டி. காலைல சாவியைத் திருப்பினா டக்டக்டக்னு சத்தம் மட்டும் வருது. புது பேட்டரி வாங்கிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் அப்படியே செத்துப்போனா, கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். அதுக்குப் பேட்டரிதான் காரணம்னு இன்னும் முடிவாகல. டெர்மினல் கிளாம்ப்பைக் கையால திருகிப் பாருங்க, கொஞ்சம்கூட அசையக் கூடாது. வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா நெகட்டிவை முதல்ல கழட்டி, வெந்நீர் ஊத்தி, காய்ஞ்சதும் ஈயம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் உப்புத்தாளால தேய்ங்க. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. நல்லா ஓடிக்கிட்டிருந்த பேட்டரியை இந்தப் பூப்புக்காகத் தூக்கிப் போடுறதைப் பார்த்தா எனக்கு மனசு ஆறாது.

அதுக்கப்புறம் மல்டிமீட்டர். வண்டி ஓய்வா நிக்கும்போது 12.6 வோல்ட்னா முழு சார்ஜ், 12க்குக் கீழேன்னா காலி. சார்ஜ் ஏத்தின பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தா, அப்ப மாத்துங்க.

கேள்வி: எனக்குப் பேட்டரி புதுசு, டெர்மினலும் சுத்தம். ஆனா ஒரே ஒரு 'டொக்', அதோட சரி.

பதில்: சொலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச், இழுக்குது, ஆனா மோட்டார் சுத்தல. மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எர்த் ஒயரைப் பாருங்க. பழைய வண்டில அது பாடியோட சேர்ற இடம் துருப்பிடிச்சுக் கிடக்கும். மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்லயும் மறுமுனையை இன்ஜின் உலோகத்துலயும் வெச்சு, இன்னொருத்தரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு நிக்கணும். 0.5 வோல்ட்டைத் தாண்டினா எர்த்லதான் கோளாறு. அது சரியா இருந்தா கார்பன் பிரஷ், சொலினாய்டு காண்டாக்ட்னு மோட்டாருக்கு உள்ளே போகலாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி. P-ல சத்தமே வரல.

பதில்: பிரேக்கை அழுத்திக்கிட்டு N-ல போட்டு முயற்சி பண்ணுங்க. எடுத்துட்டா, கியர் பொசிஷன் சுவிட்ச்லதான் கோளாறு இருக்கணும்.

கேள்வி: செல்ஃப் நல்லாவே எடுக்குது, இன்ஜின்தான் பிடிக்கல. டேங்க்ல பெட்ரோல் இருக்கு சார்.

பதில்: அப்ப பேட்டரியை மறந்துடுங்க. சாவியை ஆன்ல மட்டும் வெச்சு, பின்சீட் பக்கம் காதைக் கொடுங்க. ரெண்டு செகண்ட் போல 'ம்ம்'னு பம்ப் ஓடுற சத்தம் வரணும். வரலைன்னா முதல்ல ஃபியூஸ், அடுத்தது ரிலே. ஹார்ன் ரிலேவும் அதே நம்பரா இருந்தா மாத்திப் போட்டாலே தெரிஞ்சுடும். பம்ப் ஓடுதுன்னா, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனிங்க. பல வண்டிகள்ல அது லேசா எழும்பும். அசையாம கிடந்தா, இன்ஜின் சுத்துறதைக் கண்டுபிடிக்கிற கிராங்க் சென்சார் மேல சந்தேகம் வரணும். சூட்டுல நின்னு, ஆறினதும் தானா எடுக்குற வண்டின்னா சந்தேகம் இன்னும் பலமாகுது.

கேள்வி: எனக்கும் அதேதான் அண்ணா, ஆனா செல்ஃப் வழக்கத்தைவிட வேகமா, லேசா சுத்துது. இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், இப்பவே நிறுத்துங்க. சிலிண்டருக்குள்ள அழுத்தம் (கம்ப்ரெஷன்) இருந்தா விட்டு விட்டு முக்கி முக்கிச் சுத்தும். ஒரே சீரா 'விர்ர்'னு போனா, பிஸ்டனையும் வால்வையும் ஒத்துப்போக வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்ல அந்த நிலைமைல பிஸ்டன் வால்வுல இடிக்கும். அடிக்க அடிக்கச் செலவு ஏறும். மேல் கவரைக் கழட்டி பெல்ட்டைக் கண்ணால பார்க்குற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க.