தோளைப் பார்த்தார்கள், குனியச் சொன்னார்களா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சுடிதார் தைக்க அளவெடுத்த அக்கா, இடது தோள் இறங்கியிருக்கிறது என்றார். ஆஸ்டியோபதி முறையில், அதாவது கையால் அழுத்தி, முதுகுத்தண்டை நேராக்கும் மையம் ஒன்றுக்குப் போனோம். நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, இடுப்பு ஏறியிருக்கிறது, ஒரு கால் 6 மில்லிமீட்டர் குட்டை, 20 சிட்டிங் வேண்டும் என்கிறார்கள். நிமிர்த்தும் பெல்ட் ஆன்லைனில் வாங்கிப் போட்டிருக்கிறோம். கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறேன். புத்தகப் பைதான் காரணமா? குப்புறப் படுப்பதை நிறுத்தவா? இணையத்தில் ஆபரேஷன் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: கூன் விழுந்துவிடுமோ, கத்தி வைக்க வேண்டியிருக்குமோ, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமோ. உங்களைத் தூங்கவிடாதது இதுதானே அம்மா? மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 6 மில்லிமீட்டரை டேப் வைத்து அளந்தால் அளப்பவரின் கைப்பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு சென்டிமீட்டருக்குள் கால் வித்தியாசம் ஏராளமானவர்களுக்கு உண்டு. கனமான பையால் தோள் வலிக்கும், தண்டு வளையாது. குப்புறப் படுத்தால் படுக்கட்டும். கால்சியத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நிறுத்துங்கள். தோள் கொஞ்சம் ஏறி இறங்கியிருப்பதும் சகஜம். எனக்கும் அப்படித்தான், என் டெய்லருக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்டியோபதியில் உடலை நிற்க வைத்துப் பார்க்கும் முறையை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் நின்று காது மடல், தோள்முனை, தோள்பட்டை எலும்பின் கீழ்நுனி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு, இடுப்புக்குப் பின்னால் தெரியும் இரண்டு குழிகள், முழங்கால் மடிப்பு என்று ஒவ்வொன்றாக மட்டம் பார்ப்பார்கள். அப்புறம் பக்கவாட்டில், கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரி, காதிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு. மருத்துவர்கள் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். ஆனால் விரலால் தொட்டு 'இந்த இடுப்பு ஏறியிருக்கிறது' என்று சொல்வதில், ஒரே முதுகை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வருவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பிள்ளை ஒரு காலில் பாரம் போட்டு நின்றாலே இடுப்பு மாறிவிடும். 20 சிட்டிங் முடிந்து எடுக்கும் படத்தில் நேராகத்தான் நிற்பாள். அத்தனை நாளும் 'நேரா நில்லு' என்று சொல்லித்தானே வைத்திருப்பார்கள்!

அவளைக் குனியச் சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

1865-ல் லண்டன் சர்ஜன் வில்லியம் ஆடம்ஸ் எழுதிவைத்த சோதனை இது. இன்றைக்கும் பைசா செலவில்லாமல் செய்யலாம். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்; நீங்களும் அவளும் மட்டும் போதும், 12 வயதுப் பெண் கூச்சப்படுவாள். முதுகு தெரிய, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு, மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உங்கள் கண் அவள் முதுகின் மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரமா, இல்லை ஒரு பக்க விலா மட்டும் மேடாக எழும்புகிறதா?

அந்த மேடுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான அறிகுறி. ஸ்கோலியோசிஸ் என்கிற முதுகுத்தண்டு வளைவில் தண்டு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும், விலா எலும்புகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நிற்கும்போது அது மறைந்திருக்கும், குனிந்தால் வெளியே வந்துவிடும். போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருந்தால், மேடு அதிகமாக இருக்கும் இடத்தில் தண்டின் நடுக்கோட்டில் படாதபடி குறுக்கே பிடித்துப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். அதற்குக் கீழே என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் குனியச் சொல்லிப் பார்த்தால் போதும்.

யாரும் கேட்காத இன்னொரு கேள்வி: அவள் வயதுக்கு வந்துவிட்டாளா? இன்னும் இல்லையென்றால், அல்லது இப்போதுதான் வந்திருக்கிறாள் என்றால், தள்ளிப்போடாதீர்கள். பெண் பிள்ளைகள் மளமளவென்று உயர்வது அதற்குச் சற்று முன்னால்தான், வளைவு கூடுவதும் அந்த மாதங்களில்தான். கையில் இருக்கும் அந்தக் காலத்தைச் சிட்டிங்கில் கரைத்துவிடுவார்களே என்பதுதான் என் கோபம். கையால் அழுத்தி வளைவை நிறுத்த முடியும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை.

மருத்துவர் எழுத வேண்டிய எக்ஸ்ரே ஒன்றே ஒன்று: நின்றபடி, முழு முதுகும் ஒரே படத்தில், பின்பக்கத்திலிருந்து எடுப்பது. பின்பக்கத்திலிருந்து எடுத்தால் மார்புக்குக் கதிர்வீச்சு குறையும். அதில் காப் கோணம் என்று ஓர் எண் வரும்; தண்டு எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது என்பதுதான் அது. 10-க்குள் இருந்தால் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயரே கிடையாது. 10-லிருந்து 25 வரை பெரும்பாலும் கவனித்துக்கொண்டே வருவோம். 25-லிருந்து 40 வரை போய், பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் பிரேஸ். நீங்கள் வாங்கிய எலாஸ்டிக் பெல்ட்டை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; பிரேஸ் அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் கெட்டி பிளாஸ்டிக் கூடு. 2013-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அது 48 சதவீதம்தான். ஒரு நாளில் அதிக நேரம் போட்டவர்களுக்கு அதிகப் பலன். ஆபரேஷன் பேச்சு 45, 50 டிகிரியைத் தொட்டால்தான் வரும். நீங்கள் இரவில் பார்த்த படங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தோள் இறங்கிய பிள்ளைகளில் மிகச் சிலரே அதுவரை போகிறார்கள்.

தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி, கால் தடுமாற்றம் அல்லது மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குனிய வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பெல்ட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கதவு நிலையில் பென்சிலால் அவள் உயரத்தை இன்றைக்குக் குறித்து, மாதம் ஒரு கோடு போட்டு வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, அவள் எத்தனை மாதத்தில் எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தாள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.