ஈசார் ஆற்றோரம் என்றால் சமதரை என்று யார் சொன்னது?

கேள்வி: மியூனிக் வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஈசார் பள்ளத்தாக்கில் வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன் வரை போய்த் திரும்பும் கிராவல் பைக் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) சுற்று கடினம் என்கிறார்கள். ஆற்றோரப் பாதைதானே, அப்படி என்ன கடினம்? என்னிடம் இருக்கும் சாதாரண சைக்கிள் போதாதா?

அந்த "ஆற்றோரப் பாதைதானே" இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் அநேகமாக ஒரு விடுமுறை நாள் மாலையில் மியூனிக்கின் தெற்குப் பகுதியான தால்கிர்ஷன் பக்கம் போயிருப்பீர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்களையும் கரையில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள், இப்படியே தெற்கே மிதித்துக்கொண்டு போனால் ஊர் வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். நகரத்துக்குள் அது சரிதான். நகரத்தைத் தாண்டியதும் ஆறு பள்ளத்தில் போகிறது, நீங்கள் மேட்டில் காட்டுக்குள் போகிறீர்கள். ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

நம்பிக்கை இல்லையென்றால் குரோஸ்ஹெஸ்ஸலோ ரயில் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். 1857-இல் முதலில் கட்டிய பாலம், இப்போது இருப்பது 1980-களில் மாற்றிக் கட்டியது. மேலே ரயில், அதற்குக் கீழ்த்தட்டில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும். அங்கே நின்று குனிந்தால் ஈசார் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று தெரியும். பனியுகத்தில் பனியாறுகளும் அவற்றின் உருகுநீரும் கொண்டுவந்து கொட்டிய சரளை மேட்டை ஆறு அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சில இடங்களில் அந்தக் கூழாங்கற்கள் சுண்ணாம்பில் இறுகி காங்கிரீட் போலச் சுவராக நிற்கின்றன. அந்தச் சுவரின் உச்சியில்தான் நம் பாதை.

நான் வழக்கமாகப் போகும் சுற்று இது: கிழக்குக் கரையில் கிரூன்வால்ட் வழியாகக் காட்டுக்குள் புகுந்து ஸ்ட்ராஸ்லாக், அங்கிருந்து மூல்டாலுக்கு ஒரு செங்குத்தான இறக்கம். கீழே மின் நிலையம், பக்கத்தில் கட்டுமரத் தெப்பங்கள் சறுக்கி இறங்கும் நீண்ட வாய்க்கால். கோடையில் போனால் வோல்ஃப்ராட்ஸ்ஹவுசனிலிருந்து மியூனிக் வரும் தெப்பங்களில் பாட்டும் பீருமாக ஒரு கல்யாணக் கூட்டமே சறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அப்புறம் கால்வாய்க் கரையோரம் சமமான நல்ல சரளைப் பாதை, இக்கிங் அணை, அதைத் தாண்டி புப்லிங்கர் ஆவ் என்கிற காப்புப் பகுதி. அங்கே ஆற்றின் நடுவே இருக்கும் சரளைத் திட்டுகளில் பறவைகள் தரையிலேயே முட்டையிடும், கல்லும் முட்டையும் ஒரே நிறம், அதனால் வசந்தத்திலும் கோடை முற்பகுதியிலும் அந்தத் திட்டுகளில் கால் வைக்கக் கூடாது. பலகை வைத்திருக்கிறார்கள், அதன் மேலேயே துண்டை உலர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை. வோல்ஃப்ராட்ஸ்ஹவுசனில் ஒரு காபி. திரும்புவது மேற்குக் கரையில்: இக்கிங் மேடு, ஷெஃப்ட்லார்ன் மடத்துக்கு இறக்கம், மடத்திலிருந்து மறுபடி ஏற்றம், பிறகு பையர்புருன், புல்லாக் காடுகள். மொத்தம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும்.

கடினம் என்று சொல்கிறேன் என்றால் அந்த மடத்து ஏற்றத்தைத்தான் சொல்கிறேன். 762-இல் தொடங்கிய மடம் அது, துறவிகள் ஆற்றங்கரையில் சுகமாக உட்கார்ந்துவிட்டார்கள், ஷெஃப்ட்லார்ன் ஊரோ அதற்குச் சுமார் நூறு மீட்டர் மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் தார் சாலையும் உண்டு, காட்டுக்குள் ஏறும் பாதையும் உண்டு.

போன அக்டோபரில் அலுவலகத்துத் தம்பி ஒருவனோடு போனேன். கோயம்புத்தூர்க்காரன், வீட்டுக்குள் டிரெய்னர் கருவியில் மணிக்கணக்கில் மிதிப்பவன், என்னைவிட நல்ல தெம்பு, என்னைவிட மூன்று மடங்கு விலையில் கார்பன் வண்டி. நான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய இரும்புச் சட்டத்தில் வந்தேன். மடத்துத் தோட்டத்தில் ஆளுக்கொரு ஆப்பிள் ஜூஸ் சோடா குடித்துவிட்டுக் காட்டுப் பாதையில் ஏறினோம். பீச் (beech) என்கிற காட்டு மரத்து இலை கணுக்கால் அளவு விழுந்து கிடந்தது, கீழே வேர் எது கல் எது என்று தெரியாது. அவன் தார் சாலைப் பழக்கத்தில் பெடலில் எழுந்து நின்று மிதித்தான். எழுந்து நின்றால் பின் டயர் மேல் எடை குறையும், சரளையில் டயர் சர்ரென்று அப்படியே சுற்றும், வண்டி நகராது. இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, இருப்பதிலேயே லேசான கியரில் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். போதாததற்கு அவன் டயரில் 4 பாருக்கு (காற்றழுத்த அளவு) மேல் காற்று. டயர் ஓரத்தில் போட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவு, அவ்வளவும் அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வளைவில் கால் ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான், "ஏனுங்ணா, இதையப் போய் ஆத்தோரம்னு சொல்றாங்க?"

"ஆறு இருக்கு தம்பி, கீழ பாரு" என்றேன். அங்கேயே காற்றை 2.5 பார் அளவுக்கு இறக்கினோம், 40 மில்லிமீட்டர் டயருக்கு அவன் எடைக்கு அது போதும். மிச்சத்தை ஏறிவிட்டான். விலை உயர்ந்த வண்டி வாங்குகிறவர்களைக் கிண்டல் செய்கிறேன் என்று யாராவது கிளம்பி வராதீர்கள், அவன் வண்டி அருமையான வண்டி.

சரி, உங்கள் சைக்கிள். பின்சக்கரத்துக்குள் மூன்றே கியர், பின்னால் மிதித்தால் பிரேக் என்று ஊருக்குள் ஓட்டும் வகையா? இந்தச் சுற்றுக்கு வேண்டாம், மூல்டால் இறக்கத்தில் அந்தப் பிரேக்கை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. 40 மில்லிமீட்டர் டயரும், முன் பற்சக்கரத்தைவிடப் பின்னால் பெரிய பற்சக்கரம் கிடைக்கும் கியரும், நல்ல டிஸ்க் பிரேக்கும் இருந்தால் அதுவே போதும், கிராவல் என்று பெயர் எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை. மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் ஒரு ஏற்றமா என்பார்கள். அவர்களுக்கு இல்லை, சரி. மேட்டு விளிம்பில் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளுக்கு மட்டும் போகாதீர்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அங்கே வெகுநாள் தகராறு.

இந்தச் சுற்றில் எனக்கு நிஜமாகவே கஷ்டமான பகுதி வீட்டுக்கு வந்த பிறகுதான். மழை பெய்த மறுநாள் அந்தச் சுண்ணாம்புச் சரளை வெள்ளைக் குழம்பாகி செயினில் அப்பிக்கொள்ளும், உடனே கழுவாவிட்டால் இறுகிவிடும். நான் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக உட்காருவேன், மோட்டார் இல்லை, குழாய் இல்லை. மறுநாள் கதவில் சீட்டு: ஞாயிறு அமைதி நாள், சைக்கிள் கழுவக் கூடாது. பிரஷ் என்ன சத்தம் போட்டுவிடும்? சீட்டு எழுதிய மாடி வீட்டுக்காரர் அதே ஞாயிறு பால்கனியில் கால்பந்து வர்ணனையைத் தெருவுக்கே வைக்கிறார். அதற்கு யார் சீட்டு ஒட்டுவது? பெயர்ப்பலகையில் நம் பெயர் நீளமாக இருந்தால் சீட்டும் நீளமாக வரும்போலிருக்கிறது.

அது கிடக்கட்டும். முதல் தடவை மே அல்லது செப்டம்பரில், இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள். எஸ்7 என்கிற புறநகர் ரயில் மேற்குக் கரையோடேயே ஓடுகிறது. வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன், இக்கிங், பையர்புருன் என்று எங்கே கால் ஓய்ந்தாலும் ஏறிக்கொள்ளலாம். வார நாட்களின் நெரிசல் நேரத்தில் மட்டும் சைக்கிளை ஏற்ற முடியாது, சைக்கிளுக்குத் தனி டிக்கெட்டும் வேண்டும். அதை ஏறுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.